அத்தியாயம் 17: கை தூக்கியவர்கள்

ஃப்ளெக்ஸில் அஸ்வினியின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது. நிஜத்தில் அவள் அதைக் கையால் தொட்டதுகூட இல்லை. அவள் வேலை மைக்ராஸ்கோப்போடு. மைக்ராஸ்கோப்பைக் கழுத்தில் மாட்ட முடியாது என்பதால் ஃப்ளெக்ஸ்காரன் தன்னால் ஆனதைச் செய்திருந்தான்.

போன வாரம் வரை அவள் புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்த்துக்கொண்டிருந்த சாதாரண ஆராய்ச்சி மாணவி. தோலும் நுரையீரலும் இறுகிப்போகும் நோயைப் பற்றி ஆறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளியானது. முதல் பெயர் அவளுடையது. அதை அவள் தன் அம்மா ஜெசிந்தாவிடம் சொன்னாள். ஜெசிந்தா தன் அண்ணன் பிரான்சிஸிடம் சொன்னாள். அங்கேயே நின்றிருந்தால் அது செய்தியாகவே இருந்திருக்கும். பிரான்சிஸ் ஃப்ளெக்ஸ்காரனிடம் சொன்னார்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஒன்று, விக்கிரவாண்டியில் ஒன்று, விழுப்புரத்தில் மூன்று. ‘கல்லாய் இறுகும் தோலுக்கு மருந்து கண்ட எங்கள் குலவிளக்கே!’ பக்கத்தில் கைகூப்பியபடி பிரான்சிஸ் மாமா, குலவிளக்கைவிட ஒரு சுற்றுப் பெரிதாக.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. திண்டிவனத்து வீட்டில் காலைப் பூசைக்குப் போய் வந்து, இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப்போனபோது அஸ்வினியின் போன் அடித்தது.

“வணக்கம் டாக்டரம்மா. கோலியனூர்லேர்ந்து முருகையன் பேசறேன். எம் பொஞ்சாதி ராஜாமணிக்கும் அதே தோல் வியாதிதாங்க. ஃப்ளெக்ஸுல நம்பர் இருந்திச்சி.”

“நான் டாக்டர் இல்லீங்க. ஆராய்ச்சி பண்றேன்.”

“அத்தவிடப் பெருசாச்சே! உங்க மருந்து வருதுன்னு பழைய மாத்திரைய நிறுத்திட்டோம். அது வயித்தப் பெரட்டுதுன்னு இவ ஒரே பேஜாரு. உங்குளுது எப்ப கெடைக்கும்?”

அஸ்வினியின் கையிலிருந்த இட்லி தட்டுக்கே திரும்பியது.

“அண்ணே, கேளுங்க. மருந்து ஒண்ணும் வரல. நான் எதையும் கண்டுபுடிக்கல. அந்த மாத்திரைய இப்பவே குடுங்க. உங்க டாக்டரப் போயி பாருங்க. நிறுத்தினா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள நுரையீரல் கெட்டுக்கினே போவும்.”

எதிர்முனையில் முருகையன் தழுதழுத்தார்.

“எவ்ளோ பெரிய படிப்பு படிச்சிட்டு, இன்னா அடக்கம்மா உங்களுக்கு! விழாவுக்கு அவளயும் இட்டுக்கினு வர்றேன்.”

வைத்துவிட்டார்.

ஜெசிந்தா எதிரே உட்கார்ந்து தன் இட்லியைச் சிறு சிறு விள்ளலாக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருட நோய் அவள் வாயைச் சுற்றியிருந்த தோலைச் சுருக்குப் பையின் கழுத்தைப் போல இழுத்துவிட்டிருந்தது. கோயிலில் பங்குத்தந்தை அவளுக்கு நற்கருணை அப்பத்தைப் பாதியாக உடைத்துத்தான் கொடுப்பார். விரல்கள் பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டன. உள்ளங்கை இரண்டும் ஒட்டுவதில்லை. அவள் கைகூப்பினால் நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் உட்காரும். திமிர் பிடித்தவள் அரைக் கும்பிடு போடுகிறாள் என்று சொந்தக்காரர்களே பேசியதுண்டு. நாற்பத்தேழு வயது. இன்னமும் அங்கன்வாடிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறாள். அவளைப் பார்த்துத்தான் அஸ்வினி இந்த ஆராய்ச்சிக்கே வந்தாள்.

“யாரும்மா போன்ல?”

“மாமாவோட ஃப்ளெக்ஸ நம்பி மாத்திரைய நிறுத்தினவரு. இன்னும் எத்தினி பேரோ! இன்னிக்கு மேடையிலயே சொல்லிடப்போறேன், மருந்தும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்லன்னு.”

ஜெசிந்தா இருமினாள். “தூசி,” என்றாள். தண்ணீர் குடித்தாள். “அண்ணன் மனசு நோவாமச் சொல்லு. உங்கப்பா போனப்பறம் உன்ன ஸ்கூட்டர்ல வச்சி இஸ்கோலுக்கு இட்டுக்கினு போனது அவருதான்.”

அதுதான் அஸ்வினியைத் தடுத்தது. ஊரறிய மாமாவைப் பொய்யராக்க வேண்டும், இல்லையென்றால் முகம் தெரியாத ஒருத்தியின் நுரையீரலை இறுகவிட வேண்டும். மூன்றாவது வழி இருந்தால் அதை மாமாதான் சொல்ல வேண்டும். காரில் போகும்போது கேட்டுப் பார்த்தாள்.

“மாமா, நான் மருந்து கண்டுபுடிக்கல.”

“கண்டுபுடிச்சேன்னு யாரு சொன்னா?”

“நீங்கதான். அஞ்சு எடத்துல.”

“அது ஃப்ளெக்ஸுடா கண்ணு. ஃப்ளெக்ஸுல போட்டா அது சொன்னதா ஆயிடுமா? என்ன ‘ஏழைகளின் ஏந்தல்’னு பத்து வருசமாப் போட்டுக்கினு இருக்கேன். எவனாச்சும் ஒரு ஏழை வந்து கேட்டானா?”

பிரான்சிஸ் கட்டட ஒப்பந்தக்காரர். பங்குப் பேரவைத் துணைத்தலைவர். வேறு நான்கு சங்கங்களுக்குத் தலைவர். அவற்றில் இரண்டுக்கு உறுப்பினர்களும் உண்டு.

“சரி, நீ இன்னாதான் பண்ணின? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. மேடையில பேசணும்ல?”

அஸ்வினி அவருடைய பாஷையிலேயே சொன்னாள். உடம்பில் காயம் பட்டால் அதை அடைக்கச் சில செல்கள் வேலைக்கு வரும். கொலாஜன் என்கிற புரதத்தை நார் நாராகக் கட்டும். காயம் ஆறியதும் கலைந்துவிட வேண்டும். இந்த நோயில் காயமே இல்லாத இடத்திலும் வந்து இறங்குகின்றன. கட்டி முடித்த பிறகும் போவதில்லை. தோலில் கட்டும், ரத்தக் குழாயில் கட்டும், நுரையீரலில் கட்டும்.

“அதாவது, வேல முடிஞ்சும் சைட்ட விட்டுப் போவாம சிமெண்ட்டக் கொட்டிக்கினே இருக்கானுங்க.”

“ஆமா.”

“கொட்டச் சொல்றவன் எவன்? மேஸ்திரி?”

“அவனத்தான் ஒலகம் பூரா தேடிக்கினு இருக்காங்க. ஒருத்தன் இல்ல மாமா, பல பேரு. நாங்க ஒருத்தனோட வாயக் கட்டிப் பாத்தோம். பாதி செல்லு வேலைய நிறுத்திச்சி. மீதி பாதி யார் பேச்சக் கேக்குதுன்னு தெரியல. அதுவும் கண்ணாடித் தட்டுல வளத்த செல்லு. ஒரு எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல.”

பிரான்சிஸ் ஸ்டீயரிங்கைத் தட்டினார்.

“பாதி வேல ஆயிடுச்சில்ல? என் லைன்ல அது முடிஞ்ச வேல!”

பின்சீட்டிலிருந்து ஜெசிந்தா, “அண்ணே, ஏசியக் கொறைங்க,” என்றாள். அவள் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து, நுனியில் நீலம் பாரித்திருந்தன. குளிர் பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அஸ்வினி திரும்பி அவற்றைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். அம்மா மறுபடி இருமினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் புகை கக்கிக்கொண்டிருந்தன. புகைதான் என்று நினைத்துக்கொண்டாள் அஸ்வினி. சாயமேற்றிய செல்லின் நிறம் ஒரு துளி மாறினாலும் கண்டுபிடிக்கிற பெண் அவள்.

பத்து மணி விழா, தலைமை விருந்தினர் தாமதமாக வந்ததால் பதினொன்றரைக்குத் தொடங்கியது. வந்தவர் கோதண்டபாணி, கல்லூரி உரிமையாளர். பட்டமளிப்பு விழாவுக்காக எழுதிவைத்திருந்த உரையையே கொண்டுவந்திருந்தார். “இங்கே பட்டம் பெறும் அனைவருக்கும்...” என்று தொடங்கி, மேடையில் ஒருத்திதான் இருக்கிறாள் என்று கண்டு, “...சார்பாக இவருக்கு” என்று ஒரு லாகவத்தோடு திருப்பிக்கொண்டார். ஐந்து பொன்னாடைகள் விழுந்தன. ஜூலை வெக்கையில் அஸ்வினி, ஆய்வுக்கூடத்து இன்குபேட்டருக்குள் தன் செல்கள் எப்படி இருக்கும் என்பதை முதல்முறையாக உணர்ந்தாள்.

மாமா பேசினார். சிமெண்ட் வந்தது, மேஸ்திரி வந்தான். “அந்த மேஸ்திரிய என் மருமவ அஸ்வினி சைட்ட விட்டே வெரட்டிட்டா!” என்றார். மண்டபம் அதிர்ந்தது.

மைக் அவள் கைக்கு வந்தது.

“எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தத் தெளிவாச் சொல்லணும். நான் மருந்து எதையும் கண்டுபுடிக்கல.”

பலத்த கைதட்டல்.

“கைதட்டாதீங்க. உண்மையிலயே கண்டுபுடிக்கல. ஃப்ளெக்ஸுல இருக்கிறது தப்பு.”

கோதண்டபாணி தன் மைக்கை இழுத்துக்கொண்டார். “பார்த்தீர்களா? நிறைகுடம் என்பது இதுதான்!” இன்னொரு சுற்றுக் கைதட்டல். முன்வரிசையில் முருகையன் எழுந்தே நின்று தட்டினார். பக்கத்தில் ராஜாமணி, இறுகிய முகத்தில் எவ்வளவு சிரிக்க முடியுமோ அவ்வளவு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அஸ்வினி மறுக்க மறுக்க மருந்தின் வீரியம் ஏறிக்கொண்டே போனது. இன்னும் இரண்டு தரம் மறுத்தால் ஊசி போடச் சொல்லி வரிசை கட்டிவிடுவார்கள் போலிருந்தது.

அஸ்வினி பொன்னாடைகளை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். மைக் ஒயர் எட்டிய மட்டும் நடந்து, ராஜாமணிக்கு எதிரே நின்றாள். அதட்டவில்லை. வீட்டில் பேசுகிற குரலில் கேட்டாள்.

“அக்கா, மாத்திர நிறுத்தி எத்தினி நாளாச்சி?”

“ஒரு வாரம் இருக்கும்மா.”

“இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிங்க. நாளைக்கு டாக்டரப் பாருங்க. வயித்தப் பெரட்டுதுன்னு அவருகிட்ட சொல்லுங்க, அளவ மாத்தித் தருவாரு. என்கிட்ட உங்குளுக்குக் குடுக்க ஒண்ணுமே இல்லக்கா. நான் பெரிய மனசுல சொல்லல. சத்தியமா இல்ல.”

இந்த முறை யாரும் தட்டவில்லை. ராஜாமணியின் சிரிப்பு மெதுவாகக் கலைந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அஸ்வினி நிமிர்ந்தாள். “இந்த வியாதி இருக்கிறவங்க இன்னும் யாராச்சும் வந்திருக்கீங்களா? மாத்திரைய நிறுத்தினவங்க கையத் தூக்குங்க. யாரும் திட்ட மாட்டோம்.”

கடைசி வரிசையில் அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன் தயங்கித் தயங்கித் தூக்கினான். ராஜாமணியின் கையை முருகையனே பிடித்துத் தூக்கினார். அவ்வளவுதான் என்று அஸ்வினி திரும்பப்போனபோது, பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இன்னொரு கை எழுந்தது. விரல்கள் மடங்கிய கை. முழங்கை நிமிராததால் காது உயரத்துக்குத்தான் வந்தது.

ஜெசிந்தா.

தூக்கிய கையை அவள் உடனே இறக்கவும் இல்லை. யாரும் திட்ட மாட்டோம் என்று மகள் சொன்னதை அப்படியே நம்பியவள் போல, கேள்வி கேட்ட டீச்சரைப் பார்க்கிற பிள்ளையாக, உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் பிரான்சிஸ் எழுந்து நின்றார். “ஜெசி! ஏய், நீயா?” அந்தக் குரலை மைக் வாங்கி மண்டபம் முழுக்கப் போட்டது. “ஃப்ளெக்ஸுக்காரன்... தப்பாப் போட்டுட்டான்...” என்றார் ஏழைகளின் ஏந்தல், யாரிடமோ.

நல்லவேளையாகப் பந்தி தயார் என்று ஒருவர் வந்து சொன்னார். பிரியாணியின் முன்னால் மருத்துவ ஆராய்ச்சி நிற்க முடியவில்லை. மண்டபம் காலியானது.

அஸ்வினி அம்மாவைக் கைப்பிடித்து, பக்கத்திலிருந்த மணமகள் அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். நான்கு எட்டு நடப்பதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்தாள். காலையிலிருந்து கேட்ட இருமல் எல்லாம் இப்போது வரிசையாக வந்து அவள் காதில் நின்றது.

மாமாவின் மேல் கொட்ட வேண்டியதெல்லாம் அம்மாவின் மேல் திரும்பியது. “ஒன்பது வருசமா என் பேச்சக் கேட்டவ, ஒரு ஃப்ளெக்ஸப் பாத்து ஏமாந்துட்டியேம்மா!”

“ஃப்ளெக்ஸா? அது போன வாரந்தானே கட்டினாங்க?” என்றாள் ஜெசிந்தா. “நான் நிறுத்தினது சாம்பல் புதன்லேர்ந்து.”

சாம்பல் புதன் பிப்ரவரியில் வந்துபோனது.

“தவக்காலத்துல ஒவ்வொருத்தரு ஒண்ண விடுவாங்கல்ல? நாம வருசா வருசம் கறி மீன விடுவோம். எனக்கு வாயே தெறக்கல, கறி மீன விட்டா அது ஒரு தவமா? அதான் மாத்திரைய விட்டேன்.”

“மாத்திரைய விடச் சொல்லி எந்தச் சாமிம்மா கேட்டுது?”

ஜெசிந்தா மடங்கிய விரல்களால் புடவைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“நீதான் கேட்ட.”

“நானா?”

“அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தியே, மாடியில நின்னுக்கினு உங்க கைடு மேடத்துகிட்ட போன்ல பேசின. ‘ஆறு மாசமா மருந்தே தொடாதவங்க தோல்தான் மேடம் வேணும். எல்லாரும் மாத்திர சாப்புடறவங்களா இருக்காங்க. ஒரே ஒருத்தர் கெடைச்சாப் போதும், மீதி பாதி எதனாலன்னு தெரிஞ்சிடும்’னு. அழுதுட்ட. நான் துணி காயப்போட வந்தேன்.”

அஸ்வினிக்கு அந்த மாடி நினைவுக்கு வந்தது. பேசியதும் அழுததும் நினைவுக்கு வந்தன. கொடியில் யார் துணி உலர்த்தினார்கள் என்பது மட்டும் வரவில்லை.

“அம்மா, அதுக்கு அப்பிடி அர்த்தமில்ல. புதுசா வியாதி கண்டுபுடிச்சவங்கள, மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி... யாரையும் நிறுத்தச் சொல்லி எடுக்க மாட்டோம். எடுக்கக் கூடாது. உன்னுத நான் தொடவே கூடாது, பெத்தவ தோல எடுக்க, ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கிற எந்தக் கமிட்டியும் ஒத்துக்காது.”

“என் பேரச் சொல்லாத. நம்பரு போட்டுத்தானே வப்பீங்க?”

“ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையெல்லாம்?”

“பீரோவுல இருக்கு. மாசாமாசம் போயி வாங்கிக்கினுதான் வந்தேன். இல்லன்னா உனக்குத் தெரிஞ்சிடுமே.”

அஸ்வினி போனை எடுத்து, அம்மாவைப் பார்க்கும் டாக்டரை அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்: இருமல், மூச்சு வாங்குவது, மாத்திரை நிறுத்தி ஐந்து மாதம். அவர் சுருக்கமாகச் சொன்னார்: வீட்டுக்குப் போக வேண்டாம், நேராகக் கூட்டிவாருங்கள், நுரையீரலை இன்றே பார்த்துவிடலாம், மாத்திரையை எப்படித் தொடங்குவது என்று பார்த்தபின் சொல்கிறேன்.

“எழுந்திரும்மா. கெளம்பலாம்.”

“ஆகஸ்டு பதினஞ்சு, மாதா விண்ணேற்புத் திருநாள் வரட்டும்,” என்றாள் ஜெசிந்தா. “அதோட ஆறு மாசம். இன்னும் ஒரு மாசந்தானே இருக்கு? இப்ப மாத்திரையப் போட்டா இத்தினி நாளு பட்டதெல்லாம் வீணு.”

கதவைத் தட்டாமல் பிரான்சிஸ் உள்ளே வந்தார். கையில் ஒரு தட்டு. குஸ்காவை மோர் விட்டுப் பிசைந்து, சின்னக் கரண்டியும் போட்டு எடுத்து வந்திருந்தார். தங்கையின் வாய்க்கு எது போகும் என்று அவருக்குத் தெரியும். கண்கள் சிவந்திருந்தன.

“ஜெசி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் ஃப்ளெக்ஸாலதானே இப்பிடி ஆச்சி? அஞ்சையும் இப்பவே கிழிச்சிப் போடச் சொல்லிட்டேன்.”

ஜெசிந்தா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அஸ்வினிக்கு நன்றாகப் புரிந்தது. அண்ணன் தாங்குவார், நீ சும்மா இரு. அம்மா வாயைத் திறக்க மாட்டாள். மாமா இந்தப் பழியையும் மற்றப் பட்டங்களோடு சேர்த்துச் சுமந்துகொண்டு போய்விடுவார். மேடையில் அவரைப் பொய்யராக்கிய அஸ்வினிக்கு இது எவ்வளவு சௌகரியம்!

“ஃப்ளெக்ஸால நிறுத்தினது ராஜாமணி அக்கா மாமா, அந்தக் கடைசி வரிசைப் பையனும்கூட இருக்கலாம். அவங்ககிட்ட நீங்க போயி பேசணும்,” என்றாள் அஸ்வினி. “அம்மா நிறுத்தினது என்னால. எனக்குத் தோலு வேணும்னு.”

பிரான்சிஸுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் தட்டைக் கண்ணாடி மேஜையில் வைத்தார். சட்டைப் பையைத் தடவிக் கார்ச் சாவியை எடுத்தார்.

“வண்டிய வாசலுக்குக் கொண்டாரேன். ஏசி போட மாட்டேன். எழுந்திரு ஜெசி.”

“அண்ணே, இவகிட்ட கேளுங்க. ஒரே ஒரு துண்டு தோலு. முதல்ல அத எடுத்துக்கட்டும், அப்பறம் நீங்க சொல்ற எடத்துக்கு வர்றேன். எடுக்காம நான் வரமாட்டேன்.”

“எடுக்க மாட்டேம்மா.”

“அப்ப நான் எழுந்திரிக்க மாட்டேன்.”

வெளியே இரண்டாம் பந்திக்கு ஆள் கூப்பிட்டார்கள். மாமா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் நின்று கெஞ்ச, மணமகள் நாற்காலியில், முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண்ணைப் போல, ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.